ஹவாய்க்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்: அந்த மண்ணில் மரியாதையாக நடந்துகொள்வது எப்படி?

நான் ஹொனலுலுவில் குடியிருக்கிறேன். ஊரிலிருந்தும் கலிஃபோர்னியா, டெக்சாஸ் பக்கமிருந்தும் சொந்தக்காரர்கள், நண்பர்கள், அவர்களுடைய நண்பர்கள் என்று யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். எந்த ஹோட்டல், எந்தக் கடற்கரை என்ற பேச்சு முடிந்ததும் வேறு சில சந்தேகங்கள் கிளம்பும். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் அந்த மண்ணில் பிறந்தவன் இல்லை. இங்குள்ள பெரியவர்களிடம் கேட்டும் பார்த்தும் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன்.

ஹவாய் அமெரிக்காவோட ஒரு மாநிலம்தானே? நியூயார்க் போற மாதிரி போய்ட்டு வந்தா போதாதா?

1959 முதல் அது அமெரிக்காவின் 50-வது மாநிலம். ஆனால் அதற்கு முன்பு ஹவாய் ஒரு தனி நாடு. 1810-ல் முதலாம் கமேஹமேஹா தீவுகள் எல்லாவற்றையும் ஒரே ஆட்சியின் கீழ் கொண்டுவந்தார். 1843-ல் பிரிட்டனும் பிரான்சும் அதைச் சுதந்திர நாடாக அங்கீகரித்தன. அரசியல் சாசனம், நாடாளுமன்றம், வெளிநாடுகளில் தூதர்கள் என்று எல்லாம் இருந்த நாடு அது.

1893 ஜனவரியில், சர்க்கரைத் தோட்ட முதலாளிகளும் வணிகர்களும் சேர்ந்த ஒரு சிறு கூட்டம் ராணி லிலியுஓகலானியைப் பதவியிலிருந்து இறக்கியது. அமெரிக்கப் போர்க்கப்பலில் வந்த வீரர்கள் அப்போது கரையில் இறங்கி நின்றார்கள். அமெரிக்காவோடு இணைக்கக் கூடாது என்று 1897-ல் 21,000-க்கும் மேற்பட்டவர்கள் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். அப்போது ஹவாய்ப் பூர்வகுடிகளே சுமார் 40,000 பேர்தான். அப்படியும் 1898-ல் இணைப்பு நடந்துவிட்டது. நூறு வருடம் கழித்து, 1993-ல், அமெரிக்க நாடாளுமன்றம் இதற்காக முறைப்படி மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் போட்டது. நிலம் திரும்பி வரவில்லை.

அதனால்தான் நியூயார்க் மாதிரி இல்லை என்கிறேன். நீங்கள் கால் வைக்கிற இடத்துக்குச் சொந்தக்காரர்கள் இன்னும் அங்கேயேதான் இருக்கிறார்கள். கீழே வரும் பதில்கள் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயத்திலிருந்து வருபவைதான்.

அங்க இருக்கிற எல்லாரையும் "ஹவாயியன்"னு சொல்லலாமா?

கூடாது. முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டியது இது. தமிழ்நாட்டில் வசிப்பவரைத் தமிழ்நாட்டுக்காரர் என்பது போல, ஹவாயில் வசிப்பவரை ஹவாயியன் என்று சொல்லிவிட முடியாது. அந்தச் சொல் பூர்வகுடிகளுக்கு, அதாவது கானாக மாவோலி மக்களுக்கு மட்டும் உரியது. மற்றவர்கள், தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்திருந்தாலும், தங்களை "லோக்கல்" என்றுதான் சொல்லிக்கொள்வார்கள்.

அந்த மற்றவர்கள் எப்படி வந்தார்கள் என்பதற்குக் கரும்புதான் காரணம். 1852-ல் சீனர்கள் தொடங்கி, ஜப்பானியர், போர்த்துகீசியர், புவெர்த்தோ ரிக்கோ மக்கள், கொரியர், 1906-ல் பிலிப்பைன்ஸ்காரர்கள் என்று கூட்டம் கூட்டமாகத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தத்தில் கொண்டுவரப்பட்டார்கள். இலங்கை மலையகத்தையும் மலேயா ரப்பர் தோட்டங்களையும் அறிந்த நமக்கு இந்தக் கதை புதிதில்லை. ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ள அவர்கள் உருவாக்கிய பேச்சுமொழிதான் இன்று கடையில், பஸ்ஸில் காதில் விழும் பிட்ஜின். அதைப் "பிழையான இங்கிலீஷ்" என்று நினைத்துச் சிரிக்க வேண்டாம். நீங்களும் அப்படிப் பேசிக் காட்ட முயல வேண்டாம்.

அலோஹா, மஹாலோ ரெண்டு வார்த்தை போதுமா? மொழி ரொம்பக் கஷ்டமா இருக்கே?

வணக்கத்துக்கும் நன்றிக்கும் அந்த இரண்டு போதும். ஆனால் ஊர்ப்பெயர்களைச் சரியாகச் சொல்லப் பழகினால் இன்னும் நல்லது. உள்ளூர்க்காரர்கள் அதைக் கவனிப்பார்கள். தமிழருக்கு இது சுலபம். எந்த அசையும் மெய்யெழுத்தில் முடியாது, ஒவ்வொரு உயிரெழுத்தும் தனியாக ஒலிக்கும். ஆங்கில எழுத்தைப் பார்த்து வாசிக்காமல் உயிர்களைப் பிரித்து வாசியுங்கள், முக்கால்வாசி சரியாக வரும். ஹொனலுலு இருக்கும் தீவு ஓஆஹு. நடுவில் ஒரு சின்ன நிறுத்தம் உண்டு.

வழி கேட்டால் கிழக்கு, மேற்கு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மலைப்பக்கம் என்றால் மௌகா, கடல்பக்கம் என்றால் மகாய். வயதில் மூத்தவர்களை ஆன்ட்டி, அங்கிள் என்று கூப்பிடுவார்கள், ரத்த உறவு இல்லாவிட்டாலும். நமக்குப் பழகியதுதான், தாராளமாகச் சொல்லலாம்.

இந்த மொழிக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஆட்சி பறிபோன மூன்றே வருடத்தில், 1896-ல் வந்த சட்டம் பள்ளிகளில் ஆங்கிலத்தையே பயிற்று மொழியாக்கியது. வகுப்பில் ஹவாய் மொழி பேசிய பிள்ளைகள் அடி வாங்கினார்கள். 1978-ல்தான் அது மாநிலத்தின் ஆட்சி மொழிகளில் ஒன்றானது. 1984-ல் பூனானா லியோ என்ற பாலர் பள்ளிகள் தொடங்கின. கிட்டத்தட்ட அணைந்துபோன மொழியைக் குழந்தைகளிடமிருந்து மறுபடி வளர்த்தெடுத்தார்கள். மொழிக்காகப் போராடிய வரலாறு உள்ள நாம் இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு போனால், அங்கே ஒரு பெயர்ப்பலகையைப் பார்க்கும்போதுகூட மனசு வேறு மாதிரி இருக்கும்.

லேய்னு பூமாலை போடுவாங்களாமே? போட்டா என்ன செய்யணும்?

தலை குனிந்து வாங்கிக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று சொல்வதும், போட்டவர் எதிரிலேயே கழற்றுவதும் அவமரியாதை. பூ ஒவ்வாமை இருந்தால் அதைச் சொல்லிக் கையில் வாங்கிக்கொள்ளலாம். கழுத்தை ஒட்டி முன்பக்கம் மட்டும் தொங்கவிடாமல், தோளில் படிந்து முன்னும் பின்னும் சமமாகத் தொங்கும்படி அணிவது வழக்கம். கர்ப்பிணிகளுக்கு முடிச்சுப் போட்டு மூடிய லேய் போட மாட்டார்கள். இரு முனையும் திறந்திருக்கும் லேய்தான் போடுவார்கள். தொப்புள்கொடி குழந்தையின் கழுத்தைச் சுற்றிவிடக் கூடாது என்ற நம்பிக்கை.

வாடிய பிறகு குப்பைத்தொட்டியில் போடக் கூடாது. சாமிக்குப் போட்ட மாலையை நாம் கால்படாத இடத்தில் சேர்ப்போம் அல்லவா, அதே மனசுதான். நூலை உருவிவிட்டு, பூவை மண்ணில் சேர்த்துவிடுங்கள். நூலோடு மரத்திலோ கடலிலோ விட்டால் பறவையும் ஆமையும் சிக்கிக்கொள்ளும். லேய்க் கடைகளில் பிகாகே என்று ஒரு பூ கிடைக்கும். வாசனையிலேயே தெரிந்துவிடும், அது நம்ம குண்டுமல்லிதான். இளவரசி கயுலானிக்குப் பிடித்த பூ.

ஒரு லோக்கல் குடும்பம் வீட்டுக்குக் கூப்பிட்டிருக்காங்க. ஏதாவது முறை இருக்கா?

செருப்பை வாசலிலேயே கழற்றிவிடுங்கள். வெறுங்கையோடு போகாதீர்கள். பழமோ பலகாரமோ, ஊரிலிருந்து கொண்டுவந்த ஏதாவது ஒன்றோ போதும். கிளம்பும்போது சாப்பாட்டைக் கட்டிக் கொடுப்பார்கள், மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊரிலிருந்து கொண்டுவருவதில் ஒரு எச்சரிக்கை. பச்சைக் கறிவேப்பிலை, பழம், விதை எதுவும் அமெரிக்காவுக்குள் கொண்டுவர அனுமதி இல்லை. தீவுகளில் இந்தத் தடையின் அருமை இன்னும் அதிகம். வெளியிலிருந்து வந்த பூச்சியும் நோயும் அங்குள்ள மரம், பறவைகளை ஏற்கெனவே நிறைய அழித்துவிட்டன.

நாங்க சுத்த சைவம். உள்ளூர்ச் சாப்பாடு ஏதாவது சாப்பிட முடியுமா?

முடியும். அங்குள்ள உணவின் ஆதாரமே கலோ, அதாவது நம்ம சேப்பங்கிழங்கு. அதை வேகவைத்து இடித்து, தண்ணீர் விட்டுக் குழைத்தால் கிடைக்கும் உணவின் பெயர் "பொய்" (poi). ஊதா நிறத்தில் கூழ் மாதிரி இருக்கும், ஓரிரு நாள் புளிக்கவிட்டும் சாப்பிடுவார்கள். வேகவைத்த ஈரப்பலா, சர்க்கரைவள்ளி, தேங்காய்ப்பாலில் செய்யும் ஹௌபியா எல்லாம் சைவம். லௌலௌ என்பது இலையில் கட்டி வேகவைப்பது. பார்க்கக் கீரை மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே பன்றி இறைச்சியோ மீனோ இருக்கும். கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பொய்யை ஒரு வாய் வைத்துவிட்டு "பசை மாதிரி இருக்கு" என்று முகம் சுளிக்கும் பயணிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். ஹவாய்ப் புராணத்தில் வானத் தந்தை வாகேயாவுக்கும் ஹோஓஹோகூகலானிக்கும் பிறந்த முதல் குழந்தை இறந்தே பிறந்தது. அதைப் புதைத்த இடத்தில் முளைத்த செடிதான் கலோ. அதற்குப் பிறகு பிறந்த ஹாலோவாதான் மனிதர்களின் முன்னோன். ஆக, கலோ அவர்களுக்கு மூத்த அண்ணன். தம்பி அண்ணனைப் பராமரிப்பான், அண்ணன் தம்பிக்குச் சோறு போடுவான். பொய்ப் பாத்திரம் திறந்திருக்கும்போது வீட்டில் சண்டை போடக் கூடாது என்று ஒரு வழக்கமே உண்டு. பிடிக்கவில்லை என்றால் பேசாமல் ஒதுக்கிவைத்துவிடலாம்.

ஹோட்டல்ல நடக்கிற லுவாவு விருந்து நிஜமான கலாச்சாரமா, இல்ல டூரிஸ்ட்டுக்காகப் பண்றதா?

இரண்டும் கலந்திருக்கும். விருந்து வழக்கம் உண்மையானது. முன்பு ஆணும் பெண்ணும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடத் தடை இருந்தது. 1819-ல் அரசர் லிஹோலிஹோ பெண்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு அந்தத் தடையை உடைத்தார். இன்றும் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு ஊரையே கூப்பிட்டு விருந்து வைப்பார்கள். ஹோட்டல் மேடையில் நடப்பது அதன் சுருக்கம். பல நிகழ்ச்சிகளில் கடைசியில் வரும் தீக்கத்தி நடனம் ஹவாயினுடையதே இல்லை, சமோவாவினுடையது. போய்ச் சந்தோஷமாகப் பாருங்கள், ஆனால் ஹவாய் என்றால் இவ்வளவுதான் என்ற முடிவோடு திரும்பாதீர்கள்.

ஹுலா நாமளும் ஆடலாமா? தேங்காய்ச் சிரட்டை, புல் பாவாடை போட்டு போட்டோ எடுக்க ஆசையா இருக்கு.

ஆடக் கற்றுக்கொடுத்தால் ஆடலாம். உடை வேண்டாம். பிளாஸ்டிக் புல் பாவாடையும் சிரட்டை மார்க்கச்சும் சினிமாவும் சுற்றுலா வியாபாரமும் கட்டிவிட்டவை. ஹவாய் மக்கள் அதைத் தங்கள் மீதான கேலியாகவே பார்க்கிறார்கள்.

பரதம் ஒரு காலத்தில் இழிவாகப் பேசப்பட்டு ஓரம்கட்டப்பட்ட மாதிரியே ஹுலாவுக்கும் நடந்தது. கிறிஸ்தவ மதகுருமார்களின் செல்வாக்கில் 1830-ல் பொது இடத்தில் ஹுலா ஆடத் தடை வந்தது. அரசர் கலாகௌவா அதை மறுபடி அரண்மனைக்குள் கொண்டுவந்து சபையில் ஏற்றினார். எழுத்து இல்லாத காலத்தில் வம்சாவளி, கடல்வழி, மலைகளின் பெயர் எல்லாம் ஹுலாவிலும் அதனோடு சேர்ந்த ஓதுதலிலும்தான் வாழ்ந்தன. குமு ஹுலா என்ற குருவிடம் வருடக்கணக்கில் பயில வேண்டிய கலை அது. ஈஸ்டரை ஒட்டிய வாரத்தில் ஹீலோ ஊரில் மெரி மோனார்க் விழா நடக்கும், கலாகௌவாவின் நினைவாகத்தான். டிக்கெட் கிடைப்பது அபூர்வம். ஆனால் அந்த வாரம் அங்கே இருந்தால் டிவியிலாவது பாருங்கள். ஓதுதல் நடக்கும்போது கைதட்டுவதும் எழுந்து நடமாடுவதும் கூடாது.

எரிமலைக் கல் எடுத்துட்டு வந்தா சாபம் பிடிக்குமாமே, உண்மையா?

சாபக் கதைக்கு ஹவாய் மரபில் பழைய வேர் இருப்பதாகத் தெரியவில்லை. கடந்த நூற்றாண்டில் சுற்றுலாவோடு சேர்ந்து பரவிய கதை என்று பலரும் சொல்கிறார்கள். ஆனால் எடுக்கக் கூடாது என்பது உண்மை. தேசியப் பூங்காவில் கல் எடுப்பது குற்றம், கடற்கரையில் மணல் எடுப்பது மாநிலச் சட்டப்படி குற்றம். பயந்துபோய்க் கல்லைத் தபாலில் திருப்பி அனுப்புகிறவர்கள் வருடா வருடம் இருக்கிறார்கள். எந்த இடத்துக் கல் என்று தெரியாததால் அதை எடுத்த இடத்தில் திரும்ப வைக்கவும் முடிவதில்லை.

சாபத்துக்குப் பயந்து எடுக்காமல் இருப்பதை விட, அது எரிமலைத் தெய்வமான பெலேயின் உடம்பு என்று அந்த மக்கள் நம்புகிறார்கள், அதனால் எடுக்க மாட்டேன் என்பது நல்ல காரணமாக எனக்குப் படுகிறது.

பெலே தெய்வம்தானே? நாமளும் கிலாவேயா எரிமலை ஓரத்துல ஒரு தேங்காய் உடைச்சுக் கும்பிடலாமா?

கும்பிடலாம், தேங்காய் வேண்டாம். பெலே இன்றும் வழிபடப்படும் தெய்வம். ஹலேமௌமௌ பள்ளம் அவளுடைய வீடு. அவளுக்கு முறைப்படி ஓதிக் காணிக்கை வைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் செய்வதைப் பார்த்து நாம் மதுப்பாட்டில், காசு, ஊதுபத்தி, பழம் என்று வைத்தால் அது அங்கே குப்பையாகத்தான் சேரும். எலியும் பூச்சியும் வரும். பூங்கா ஊழியர்கள் சுமந்து அப்புறப்படுத்த வேண்டியிருக்கிறது. கையைக் கூப்பி ஒரு நிமிடம் நில்லுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

பள்ளத்தைச் சுற்றி ஓஹியா மரங்கள் இருக்கும், லெஹுவா என்ற சிவப்புப் பூ பூக்கும். ஒரு பூஞ்சை நோய் இந்த மரங்களைக் கூட்டமாகக் கொன்றுவருகிறது. பாதையின் முனையில் காலணியைத் துடைக்கத் தூரிகையும் மருந்தும் வைத்திருந்தால், அவசரமாக இருந்தாலும் துடைத்துவிட்டுப் போங்கள்.

ஹேயாவ்னு போர்டு இருக்கு, பார்த்தா வெறும் கல்லு குவிச்ச மாதிரி இருக்கு. அது என்ன?

கோயில். சாந்து இல்லாமல் கல்லை மட்டுமே அடுக்கிக் கட்டியவை. "பெரிய தீவு" என்று அழைக்கப்படும் ஹவாய்த் தீவில் இருக்கும் புஉகோஹோலா ஹேயாவைக் கமேஹமேஹா 1791-ல் கட்டி முடித்தார். பல மைல் தூரத்துக்கு மனிதர்கள் வரிசையாக நின்று கை மாற்றிக் கை கல் கொண்டுவந்தார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. சின்ன ஹேயாவ்கள் காட்டுக்குள்ளும் கடற்கரையிலும் கூடக் கிடக்கும். மேலே ஏறாதீர்கள், உள்ளே நுழையாதீர்கள், கல்லை நகர்த்தாதீர்கள். யாராவது டி (ti) என்ற செடியின் இலையில் கட்டி எதையாவது வைத்திருந்தால் தொடாதீர்கள்.

இதோடு சேர்த்து இன்னொன்று: கடற்கரையில், எரிமலைப் பாதையில் கல் மேல் கல் அடுக்கிப் படம் எடுக்கும் பழக்கம் வேண்டாம். எந்தக் கல் பழைய சுவரில் இருந்தது, எது கல்லறைக்கு அடையாளம் என்று நமக்குத் தெரியாது. மணல் திட்டுகளில் முன்னோர்களின் எலும்புகள் புதைந்திருக்கும் ஊர் அது.

ஆமை கரைக்கு வந்து படுத்திருக்கு, குழந்தை தொட ஆசைப்படுது. ஒரே ஒரு தடவை?

ஒரு தடவையும் கூடாது. ஆமையிடமிருந்து குறைந்தது 3 மீட்டர், துறவி சீல் (monk seal) என்ற கடல்விலங்கிடமிருந்து 15 மீட்டர், குட்டியோடு இருக்கும் சீல் என்றால் 45 மீட்டர். ஸ்பின்னர் டால்ஃபினிடமிருந்தும் 45 மீட்டர், இது 2021 முதல் சட்டம். திமிங்கிலத்திடமிருந்து 90 மீட்டர். துறவி சீல்கள் உலகத்திலேயே சுமார் 1,600 தான் மிச்சம். வெயிலில் படுத்திருந்தால் செத்துவிட்டது என்று நினைத்துக் கடலுக்குத் தள்ளிவிடாதீர்கள். தூங்குகிறது, அவ்வளவுதான்.

சன்ஸ்கிரீன் ஊரிலிருந்து கொண்டுவந்தால் லேபிளைப் பாருங்கள். ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் இரண்டும் பவளத்துக்குக் கெடுதல். அவை கலந்த சன்ஸ்கிரீனை விற்க 2021 ஜனவரி முதல் ஹவாயில் தடை. பவளத்தின் மேல் நிற்கவும் கூடாது. ஹவாய்ப் படைப்புப் பாடலில் முதலில் பிறக்கும் உயிர் பவளம்தான்.

இன்ஸ்டாகிராம்ல ஒரு ரகசிய அருவி பார்த்தேன், "கப்பு" போர்டு இருக்காம். எல்லாரும் போறாங்களே?

கப்பு என்று போட்டிருந்தால் நுழையாதே என்று அர்த்தம். எல்லாரும் போவதுதான் பிரச்சினையே. பல அருவிகளுக்குப் போகும் வழி யாரோ ஒருவரின் வீட்டுக் கொல்லை அல்லது சேப்பங்கிழங்கு வயல் வழியாகத்தான். ஓஆஹுவின் ஹைக்கூ மலைப்படிக்கட்டு 1987-லிருந்து பொதுமக்களுக்கு மூடப்பட்டது. இருந்தும் விடியற்காலையில் வீட்டு வேலிகளைத் தாண்டிப் போனவர்களால் அந்தத் தெருவே தூக்கம் இழந்தது. வழுக்கி விழுந்தவர்களை மீட்கப் போவதும் உள்ளூர்த் தீயணைப்பு வீரர்கள்தான். மலையில் மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே ஓடையில் வெள்ளம் வந்துவிடும்.

கடற்கரை விஷயம் வேறு. ஹவாயில் எந்தக் கடற்கரையும் தனியாருக்குச் சொந்தமில்லை, எவ்வளவு பெரிய ஹோட்டல் என்றாலும் முன்னால் இருக்கும் மணல் பொதுவானது. பொதுவழி என்று போட்ட பாதையில் போகலாம். அலை பக்கம் முதுகைக் காட்டி நிற்காதீர்கள், அங்கே குழந்தைக்கும் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் அது.

ஹனௌமா விரிகுடாவுல நமக்கு 25 டாலர், உள்ளூர்க்காரங்களுக்கு இலவசம். இது நியாயமா?

நியாயம்தான் என்பது என் கருத்து. கோவிடுக்கு முந்தைய 2019-ல் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பயணிகள் வந்தார்கள். மாநிலத்தின் மக்கள்தொகை 15 லட்சத்துக்கும் குறைவு. தன் வீட்டுக்குப் பக்கத்துக் கடலில் குளிக்க வண்டி நிறுத்த இடமில்லாமல் திரும்பிப் போனவர்கள் அங்கே நிறையப் பேர். அதனால்தான் இந்தக் கட்டணமும் முன்பதிவும். ஹனௌமாவில் தண்ணீரில் இறங்கும் முன் ஒரு குறும்படம் காட்டுவார்கள். திங்கள், செவ்வாய் மூடிவிடுவார்கள், மீன்களுக்கு ஓய்வு.

டைமண்ட் ஹெட், கவாய்த் தீவின் ஹாஎனா, மாவித் தீவின் வைஅனபனபா, ஹலேஆகலா மலையில் சூரிய உதயம், எல்லாவற்றுக்கும் முன்பதிவு வேண்டும். வாசலில் போய்க் கெஞ்சினால் விட மாட்டார்கள். டிக்கெட் போடும்போதே இதையும் பார்த்துவிடுங்கள்.

வண்டி ஓட்டும்போது ஏதாவது கவனிக்கணுமா?

ஹாரன் அடிக்காதீர்கள். அங்கே அது திட்டுவதற்குச் சமம். யாராவது வழிவிட்டால் கையைக் காட்டி நன்றி சொல்லுங்கள். மாவியின் ஹானா சாலையில் 600-க்கும் மேற்பட்ட வளைவுகள், பாலங்களில் பெரும்பாலானவை ஒரு வண்டி மட்டும் போகக்கூடியவை. எதிரில் நிற்பவர்களுக்கு வழிவிட்டுப் போக வேண்டும். பின்னால் உள்ளூர் வண்டி வந்தால் ஒதுங்கி விட்டுவிடுங்கள். நீங்கள் வேடிக்கை பார்க்கப் போகிறீர்கள், அவர் வேலைக்கோ ஆஸ்பத்திரிக்கோ போகிறார்.

மௌனா கேயா உச்சிக்கு நட்சத்திரம் பார்க்கப் போகலாமா? அங்க ஏதோ போராட்டம்னு கேள்விப்பட்டேன்.

4,207 மீட்டர் உயரமுள்ள அந்த மலை ஹவாய் மக்களுக்கு வானத்தோடு தொப்புள்கொடி உறவு உள்ள இடம். பனித் தெய்வம் போலிஆஹு வசிக்கும் இடமும் அதுதான். உச்சியில் ஏற்கெனவே பல தொலைநோக்கிகள் இருக்கின்றன. இன்னும் பெரிதாக முப்பது மீட்டர் தொலைநோக்கி ஒன்று வரவிருந்தபோது, 2019-ல் மக்கள் சாலையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். முன்வரிசையில் இருந்த முதியவர்களைக் கைது செய்து வண்டியில் ஏற்றினார்கள். அவர்கள் விஞ்ஞானத்துக்கு எதிரிகள் இல்லை. திசைகாட்டி இல்லாமல் நட்சத்திரத்தைப் பார்த்தே பசிபிக்கைக் கடந்தவர்களின் வாரிசுகள். 1976-ல் ஹோகூலேயா படகு அதே முறையில் தஹிட்டி வரை போனது. கேட்காமல் கட்டியதுதான் அவர்கள் கோபம்.

நட்சத்திரம் பார்க்க உச்சி வரை போகத் தேவையில்லை. சுமார் 2,800 மீட்டரில் இருக்கும் பார்வையாளர் நிலையத்திலிருந்தே வானம் அற்புதமாகத் தெரியும். சிறு குழந்தைகள், கர்ப்பிணிகள், இதய நோயாளிகள் அதற்கு மேல் போகவே கூடாது.

லஹைனா எரிஞ்சுபோச்சே, மாவிக்குப் போறது சரியா?

மாவிக்குப் போகலாம், அங்குள்ளவர்களின் பிழைப்பு பயணிகளை நம்பியும் இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 8-ல் நடந்த தீயில் 100-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஒரு காலத்தில் ஹவாய் அரசின் தலைநகராக இருந்த ஊர் ஒரே நாளில் போய்விட்டது. ஓடைகளைக் கரும்புக்குத் திருப்பியதில் நீர்வளம் மிக்க அந்த நிலம் வறண்டதும், கைவிட்ட தோட்டங்களில் வெளிநாட்டுப் புல் காடாக வளர்ந்ததும் தீ அப்படிப் பரவியதற்குக் காரணங்கள்.

எரிந்த தெருக்களில் காரை மெதுவாக ஓட்டிப் படம் எடுக்காதீர்கள். "தீ வந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?" என்று ஹோட்டல் ஊழியரிடம் கேட்காதீர்கள். அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். 1873-ல் இந்தியாவிலிருந்து கொண்டுபோய் நட்ட ஆலமரம் ஒன்று அங்கே இருக்கிறது. தீயில் கருகியும் மறுபடி துளிர்த்தது.

ஒரு வீட்டு வாசல்ல ஹவாய்க் கொடியைத் தலைகீழாக் கட்டியிருந்தாங்க. தெரியாமப் பண்ணிட்டாங்களா? சொல்லலாமா?

தெரிந்தேதான் கட்டியிருக்கிறார்கள், சொல்ல வேண்டாம். கொடியைத் தலைகீழாக ஏற்றுவது ஆபத்தில் இருக்கிறோம் என்பதற்கான அடையாளம். முதல் பதிலில் சொன்ன 1893-ஐ அவர்கள் மறக்கவில்லை. இதில் ஹவாய் மக்களுக்குள்ளேயே பல கருத்துகள் உண்டு. தனி நாடு வேண்டும் என்பவர்கள், அமெரிக்காவுக்குள் தன்னாட்சி போதும் என்பவர்கள், அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிப் பெருமைப்படுபவர்கள், எல்லாரும் ஒரே குடும்பத்தில் இருப்பார்கள். நாம் தீர்ப்புச் சொல்லப் போக வேண்டாம்.

"டூரிஸ்ட் வராதீங்க"ன்னே சிலர் சொல்றாங்களே. அப்ப போகாமலே இருந்துடறதுதான் மரியாதையா?

இதற்கு எல்லாரும் ஒப்புக்கொள்ளும் பதில் இல்லை. அப்படிச் சொல்பவர்களின் காரணம் உண்மையானது. வீட்டு விலையும் வாடகையும் எட்டாத உயரத்துக்குப் போய், 2020 கணக்கெடுப்பின்போது ஹவாய்ப் பூர்வகுடிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஹவாய்க்கு வெளியே வசித்தார்கள். அதே சமயம் ஹோட்டலிலும் விமான நிலையத்திலும் வேலை செய்து பிள்ளைகளைப் படிக்கவைப்பவர்களும் அவர்களே.

போவது என்று முடிவெடுத்தால், குடியிருப்புப் பகுதியில் அனுமதி இல்லாமல் வாடகைக்கு விடும் வீடுகளைத் தவிர்த்து, ஹோட்டல்களிலும் முறையாக அனுமதி பெற்ற இடங்களிலும் தங்குங்கள். உள்ளூர்க்காரர் நடத்தும் கடையில் சாப்பிடுங்கள். ஒரு காலைப்பொழுதை வேலை செய்யக் கொடுங்கள். ஓஆஹுவில் ஹேஎயா என்ற மீன்குளம் இருக்கிறது. சுமார் 800 வருடத்துக்கு முன் கடலோரத்தில் கல்சுவர் கட்டி மீன் வளர்த்த இடம். இடிந்த சுவரைக் கட்டவும் அலையாத்திச் செடியை வெட்டவும் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். அங்கே அலையாத்தி வெளியிலிருந்து வந்த செடி, நம்ம பிச்சாவரம் மாதிரி இல்லை. சேற்றில் முழங்கால் வரை நின்று அவர்களோடு வேலை செய்யும்போது கிடைக்கும் பேச்சு, எந்தச் சுற்றுலா வழிகாட்டியிடமும் கிடைக்காது.

கவாய்த் தீவுல ஒரு பெரிய சிவன் கோயில் இருக்காமே?

இருக்கிறது. கவாய் ஆதீனம், 1970-ல் சிவாய சுப்பிரமுனியசுவாமி நிறுவியது. அமெரிக்கரான அவர் 1949-ல் யாழ்ப்பாணத்தில் யோகசுவாமிகளிடம் தீட்சை பெற்றவர். கணபதி ஸ்தபதி வடிவமைத்த இறைவன் கோயிலின் கற்களைப் பெங்களூரு பக்கத்தில் கையாலேயே செதுக்கிக் கப்பலில் கொண்டுபோனார்கள். 2023 மார்ச்சில் கும்பாபிஷேகம் நடந்தது. பார்வை நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொண்டு, தோளும் முழங்காலும் மறைய உடுத்திக்கொண்டு போங்கள்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கோயில் இருக்கும் வைலுவா பகுதி, கவாயின் அரசர்கள் வாழ்ந்த இடம். ஆற்றங்கரையில் வரிசையாக ஹேயாவ்கள் இருக்கின்றன. நம்ம கோயிலுக்குப் போய்விட்டு அவர்களுடைய கோயிலைக் காரிலேயே கடந்து வந்துவிடாதீர்கள். இறங்கி, வெளியே நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

எங்களுக்கு ஹொனலுலுல ஒரே ஒரு நாள்தான். எதைப் பார்க்கிறது?

காலையில் இயோலானி அரண்மனை. கலாகௌவா 1882-ல் கட்டி முடித்தது, வெள்ளை மாளிகைக்கு முன்பே மின்விளக்கு எரிந்த இடம். பதவி பறிபோன ராணியை 1895-ல் மாடியில் ஒரு அறையில் பல மாதங்கள் சிறை வைத்தார்கள். அங்கே தைத்த ஒட்டுத்துணிப் போர்வை இன்றும் அரண்மனையில் இருக்கிறது. தரை கெடாமல் இருக்கக் காலணிக்கு மேல் உறை மாட்டச் சொல்வார்கள். எதிர்ச்சாரியில் கமேஹமேஹா சிலை.

மதியம் பிஷப் அருங்காட்சியகம், குறைந்தது மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். அரசர்கள் அணிந்த இறகு மேலங்கிகளை அங்கேதான் பார்க்க முடியும். மாலையில் வைகிகி போகலாம், கூட்டமாகத்தான் இருக்கும். குழந்தைகள் களைத்துவிட்டால் வைகிகியை விட்டுவிடுங்கள், அரண்மனையை விடாதீர்கள்.